கஞ்சி போடாத துணி

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நான்காம் நாள், வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாக, திருத்தணி இரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள சிவப்பிரகாசத்தின் வீட்டில், அவருடைய தமக்கை மணியம்மையின் தாடையைக் கட்டுவதற்காக ஒரு வெள்ளைத் துணி கிழிக்கப்பட்டது. கிழித்தவர் கௌரியம்மாள், சிவப்பிரகாசத்தின் காலஞ்சென்ற பெரியப்பா மகனின் மனைவி. தகவல் கிடைத்ததும் பள்ளிப்பட்டிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தார். சாவு வீட்டில் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை அவரைக் கேட்டுச் செய்வதுதான் அந்தக் குடும்பத்தின் வழக்கம். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.

தலைமாட்டில் ஏற்றுவதற்கான விளக்கைப் பின்கட்டில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள் சிவப்பிரகாசத்தின் மனைவி தமயந்தி. கஞ்சி போட்ட துணி கிழியும்போது காகிதத்தைப் போலக் கூச்சலிடும். இது அப்படிக் கிழியவில்லை. தாழ்ந்த குரலில், நிதானமாக, நெடுக இழுத்துக்கொண்டு கிழிந்தது. எந்தத் துணி என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. புளி ஒட்டிய கையோடு கூடத்துக்கு விரைந்தாள். அதற்குள் கட்டி முடித்திருந்தார்கள்.

மோவாயிலிருந்து உச்சந்தலைக்குப் போய் முடிச்சிட்டிருந்த அந்தத் துண்டு, மணியம்மைக்குப் பல்வலி வந்து முகம் சுளித்துப் படுத்திருப்பதைப் போன்ற ஒரு தோற்றத்தைத் தந்தது. மற்றொரு துண்டு கால் பெருவிரல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. மீதித் துணி கௌரியம்மாளின் மடியில் கிடந்தது.

“இது எங்க இருந்திச்சி அக்கா?” என்று கேட்டாள் தமயந்தி.

“அவ பீரோவுலதான், மேல் தட்டுல. தோச்சி, மடிச்சி, ஒரு நூல் பிசிறு இல்லாம வெச்சிருக்கா. யாருக்கும் வேலை வெக்காத மனுஷி.”

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் பங்காளி தணிகைமணி, வாசற்படியில் நின்றபடி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நான் ஒண்ணு சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. ஆடி மாசம் அக்கா நம்ம தறிக்கே வந்திச்சி. ‘தணிகை, வெள்ளைத் துணி ஓணும்டா, கஞ்சி போடாதே, சாயம் காட்டாதே, வெட்டாம அப்படியே நீளமா குடு’ன்னு கேட்டுச்சி. எதுக்குக்கான்னேன். ‘இருக்குதுடா ஒரு வேலை’ன்னு சிரிச்சிச்சி. எனக்கு அன்னிக்கே வயித்துல இன்னாவோ பண்ணிச்சி.”

“நாள் தெரிஞ்சி வெச்சிருக்காங்க,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஷாமியானா கட்டி முடிப்பதற்குள் அந்தப் பேச்சு தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது, மணியம்மை தணிகைமணியிடம் கிழமையையும் சொல்லிவைத்ததாக வளர்ந்திருந்தது. மாலையோடு வந்தவர்கள் எல்லாரும் முதலில் தாடைக் கட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

தமயந்தி வாய் திறக்கவில்லை. துணியைப் பற்றிய உண்மையைச் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். வெளியே நெகிழி நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிவப்பிரகாசம் அவளைப் பார்த்தார். அவருக்கும் தெரியும்.

மணியம்மை திருமணம் செய்துகொள்ளாதவர். தம்பியின் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, இரவிக்கை தைப்பதும் புடவைக்கு ஃபால்ஸ் வைப்பதுமாக இருந்தவர். தமயந்தி சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒருத்தி துணியின் ஓரத்தில் பிசிறு பொறுக்கமாட்டாள். மற்றவள் பத்திரத்தின் ஓரத்தில் அடித்தல் திருத்தல் பொறுக்கமாட்டாள். இதனாலேயே இருவருக்கும் ஒத்துப்போயிற்று என்று சிவப்பிரகாசம் சொல்வதுண்டு.

சென்னையில் இருக்கும் மகள் கவிதா, தை மாதத்தில் ஒரு செய்தியைத் தாயின் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தாள். துணியில் ஈடுபாடு உள்ளவர்களைக் குழுவாகச் சேர்த்து ஆண்டுக்கொரு நாட்டுக்கு அழைத்துப்போகும் வள்ளிநாயகி என்ற பெண்மணி, இந்த முறை ஜப்பானுக்குப் போகிறார். நெசவுக்கூடங்கள், அச்சுப் பட்டறைகள், ஒரு மலையூரில் அவுரிச் சாயத்தொட்டி என்று வரிசையாகப் போட்டிருந்தது. தமயந்தி அதைப் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். மணியம்மை அதனோடு வந்திருந்த காணொளியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தமயந்தி, இத பாரேன். தொட்டியிலேர்ந்து வெளிய எடுக்கும்போது துணி பச்சையா இருக்குது. காத்து பட்டதும் நீலமா ஆவுது. யாரும் ஒண்ணும் பண்ணல. சும்மா புடிச்சிகினு நிக்கறாங்க, அதுபாட்டுக்கு மாறுது.”

“ஆங், பாத்தேன் அண்ணி.”

“பாத்தியா? பாத்துட்டா சும்மா இருக்கறே? நம்ம ரெண்டு பேரு பேரையும் குடு.”

பெயர் கொடுத்தார்கள். கடவுச்சீட்டுக்கு விசாரிக்க வந்த காவலர், இந்த வயதில் ஜப்பானில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். “துணி இருக்குதுங்க,” என்றார் மணியம்மை. அந்தக் காவலர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, தம் மனைவிக்கு இரவிக்கை தைப்பீர்களா என்று கேட்டுக்கொண்டு போனார். உறவுக்காரர்களுக்கு மட்டும் சொல்லவேண்டாம் என்பது மணியம்மையின் ஏற்பாடு. “பிளேன்ல ஏறி குந்தினப்புறம் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா கௌரி வந்து வழி மறிச்சி நிப்பா.”

சாயத்தொட்டியில் முக்குவதற்கு ஆளுக்கொரு வெள்ளைப் பருத்தித் துணி கொண்டுவர வேண்டும், கஞ்சி இருக்கக் கூடாது என்று வள்ளிநாயகி சொல்லியிருந்தார். தணிகைமணியின் தறியிலிருந்து வந்த துணியை இருவருமாகத் துவைத்தார்கள். காய்ந்ததும் மறுபடியும் துவைத்தார்கள். இரண்டாக வெட்டிவிடலாமா என்று தமயந்தி கேட்டதற்கு மணியம்மை ஒப்பவில்லை.

“இப்பவே வெட்டினா ஓரம் பிசிறும். அங்க போய், அந்தத் தொட்டிகிட்ட நின்னு, வெட்டிக்கலாம்.”

இன்னொன்றும் இருந்தது. கிருத்திகைதோறும் இருவரும் மலைக்கோயிலுக்குப் படியேறுவார்கள். மூச்சு வாங்குவதால் மணியம்மையால் பாதிக்கு மேல் ஏற முடியாது. நடுவழி மண்டபத்தில் உட்கார்ந்துகொள்வார். “நீ போய்ட்டு வா, நான் இங்கியே குந்திகினு இருக்கேன்,” என்பார். தமயந்தி மேலே போய்த் தரிசனம் செய்து திருநீறு கொண்டுவந்து அவர் நெற்றியில் இடுவாள். கோயில் வரை பேருந்து போகிறதே என்று சொன்னால், படியிருக்கப் பேருந்தில் போனால் முருகனுக்கு மரியாதையாக இருக்காது என்பார். ஜப்பானின் மலையூருக்குப் படியே இல்லை, பேருந்துதான் மேல்வரைக்கும் போகும் என்று தெரிந்தபோது அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

“அப்ப அந்த மலையில நானும் மேல வருவேன்.”

அன்று பகல் பன்னிரண்டுக்கு மணியம்மையைக் குளிப்பாட்டினார்கள். கோடிப் புடவைகள் ஒவ்வொன்றாக வந்து அவர்மேல் விழுந்தன. இரும்புத் தகடு போல விறைத்த கஞ்சியோடும், மடிப்புக் கலையாமலும், கடைக்காரன் குத்திய ஊசி எடுக்காமலும். உயிரோடு இருந்திருந்தால் அவர் ஒவ்வொன்றின் முந்தானையையும் விரலால் தேய்த்துப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார். தமயந்தி ஊசிகளைத் தேடித் தேடி எடுத்தாள். அந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் கௌரியம்மாள் மீதித் துணியை விரித்தார்.

“இந்தக் கோடியெல்லாம் மேல கெடக்கட்டும். அவளே ஆசையா வாங்கி வெச்சது, இதத்தான் ஒடம்புல மொதல்ல சுத்தணும். தமயந்தி, அந்தப் பக்கம் புடி.”

தமயந்தி பிடித்தாள். பிடித்தவள் சுற்றவில்லை, தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

“இத வைங்க அக்கா. இது சாவுக்கு வாங்கினது இல்ல.”

“பின்ன?”

“ஜப்பானுக்கு.”

கூடத்தில் பெண்கள் அழுகையை நிறுத்தியது அந்த ஒரு முறைதான். கௌரியம்மாள் துணியின் மறுமுனையைப் பிடித்தபடியே, தமயந்திக்குத் துக்கத்தில் அறிவு கலங்கிவிட்டதா என்று அவள் கண்களை உற்றுப் பார்த்தார். கலங்கவில்லை என்பது தெரிந்ததும் அவருக்குக் கவலை கூடிற்று.

தமயந்தி முதலிலிருந்து சொன்னாள். பத்திரம் படித்துக்காட்டுவதைப் போல வரிசை பிசகாமல், காணொளி, கடவுச்சீட்டு, சாயத்தொட்டி, இம்மாதம் இருபத்தாறாம் தேதி விமானம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மணியம்மை தாடையைக் கட்டிக்கொண்டு நடுவில் படுத்திருந்தார்.

“நாள் தெரிஞ்சி வெச்சிருந்தாங்கன்னு இவன் சொன்னானே?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“நான் எங்க சொன்னேன்? வயித்துல இன்னாவோ பண்ணிச்சின்னுதான் சொன்னேன்,” என்றான் தணிகைமணி.

“உனக்கு வயிறு எப்பவும் இன்னாவோதான் பண்ணும்,” என்ற கௌரியம்மாள், துணியை விட்டுவிட்டார். பிறகு குனிந்து மணியம்மையின் காதருகே சொன்னார். “அடி திருட்டுக் கழுதை. என்கிட்ட சொல்லாம ஜப்பானுக்குப் போறியா நீ?” அதன்பின் அவர் அழுத அழுகைதான் அன்றைய அழுகை. காலையிலிருந்து அவர் அழவே இல்லை என்பது அப்போதுதான் பிறருக்கு நினைவுக்கு வந்தது.

நான்கு மணிக்குப் பறையோடு எடுத்துப்போனார்கள். சிவப்பிரகாசம் கொள்ளிச் சட்டியைச் சுமந்தார். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பி, வீட்டைக் கழுவிவிட்டுத் தலை முழுகினார்கள். சாவு வீட்டில் புழங்கிய துணிகளோடு அந்த வெள்ளைத் துணியையும் தமயந்தி துவைத்தாள். மொட்டைமாடிக் கொடியில் விரித்துப் போட்டாள். ஒரு பக்கம் கிழிந்து பிசிறு தொங்க, அது மலையை மறைத்துக்கொண்டு காற்றில் ஆடியது.

அதற்குப் பிந்திய நாள்களில் பயணத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. வள்ளிநாயகி தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். கருமாதி முடிகிற வரைக்கும் இரண்டு இருக்கைகளையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்றார். தமயந்தி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியை எடுக்கவில்லை. ஆனால் பரணிலிருந்து இறக்கிவைத்திருந்த அதைத் திரும்ப ஏற்றவும் இல்லை. போக வேண்டும் என்ற ஆசை அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் அப்படியே இருந்தது. அதுதான் அவளை வெட்கப்படுத்தியது. காலையில் காபி கலக்கும்போது கை தானாக மூன்று தம்ளர் எடுத்தது. எடுத்ததைச் சிவப்பிரகாசம் பார்த்துவிட்டு, மூன்றாவதையும் தாமே குடித்தார்.

பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தது. அது ஆகாது என்று கௌரியம்மாள் சொன்னதால் ஒரு நாள் முன்னதாகவே கருமாதி நடந்தது. மாலையில், பந்தி முடிந்து வெளியாட்கள் போனபின், கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்: சிவப்பிரகாசம், தமயந்தி, கவிதா, தணிகைமணி, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை மடித்த கௌரியம்மாள்.

“அந்த ஜப்பான் விஷயம் இன்னா ஆச்சி?” என்று அவரே தொடங்கினார்.

“நீங்கதான் சொல்லணும் அக்கா.”

“கடல் தாண்டறதெல்லாம் இப்ப யாரும் பாக்கறதில்ல. கருமாதி ஆயிடிச்சி, தீட்டு போச்சி. ஆனா பங்காளி சாவு. கல்யாணம் கட்டாதவ, அதனால அவ நம்ம வூட்டுப் பொண்ணுதான், நம்ம எல்லாருக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது. அங்க மலை இருக்குதா?”

“ஜப்பானே மலைதான் பெரிம்மா,” என்றாள் கவிதா.

“அப்ப முழுசாவே ஆவாது.”

“அது எப்படி அண்ணி?” என்றான் தணிகைமணி. “இந்த ஊர்ல மலைய பாத்துகினே பல்லு வெளக்கறோம். பாத்தா தப்பில்லயே, ஏறினாதான?”

கௌரியம்மாள் பாக்கைக் கடித்தபடி அதை யோசித்தார். “அதுவும் செரிதான். இவுங்க ஏறப்போற மலை எத்தினி?”

“ஒண்ணுதான் அக்கா. சாயத்தொட்டி இருக்கற ஊரு. பஸ்ஸு மேல வரைக்கும் போவும்.”

“பஸ்ஸுல போனாலும் ஏறினதுதான்.”

“கோயில் இல்லாத மலைக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்? வெறும் மலை, மண்ணு,” என்றான் தணிகைமணி.

“அத கேளு மொதல்ல. மேல சாமி இருக்குதா தமயந்தி?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மலையைக் கௌரியம்மாள் காணப்போவதில்லை. காட்டப்போகிறவர்களும் யாரும் இல்லை. தணிகைமணி புருவத்தை உயர்த்திக்கூடக் காட்டினான். ஆனால் பதிவு அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் ஒரு மனையின் எல்லையைக்கூட மாற்றி எழுதாதவளுக்கு நாக்குப் புரளவில்லை.

“இருக்குது அக்கா. தொட்டிக்கு மேல, கொஞ்ச தூரத்துல, ஒரு சின்னக் கோயிலு. சாயம் போடறவங்க அங்க கும்பிட்டுட்டுத்தான் கை வெப்பாங்களாம்.”

“கெட்டுது போ,” என்றான் தணிகைமணி. “தெரியாதுன்னு சொல்லக் கூடாதா?”

“அவ சொல்லமாட்டா நைனா,” என்றார் கௌரியம்மாள். அதில் குறையும் இருந்தது; குறையைவிடச் சற்று அதிகமாக மதிப்பும் இருந்தது. “அப்ப அந்த ஊரு ஆவாது தமயந்தி. மீதி எல்லாம் போய்ட்டு வா. அது ஒண்ணு மட்டும் வேணாம்.”

தமயந்தி தலையசைத்தாள். ஆனால் அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாம் என்பதை அங்கே அறிந்தவர் இருவர். அவர்களில் ஒருவர், மூலையில், தம் அக்காவின் தையல் இயந்திரத்தின் சக்கரத்தை விரலால் மெல்ல முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா எப்பவும் பாதி மலையிலதான குந்திகினு இருக்கும்,” என்றார் சிவப்பிரகாசம்.

அவர் சக்கரத்தை இன்னொரு முறை உருட்டினார்.

“இவதான் மேல போய்ட்டு வருவா. இந்த ஒரு தடவை இவ கீழ குந்தட்டும். துணி மேல போவட்டும்.”

சக்கரம் நின்றது. கவிதா தாயைப் பார்த்தாள். தமயந்தி, தரையில் சிந்தியிருந்த ஒரு பருக்கையை எடுப்பதற்காகக் குனிந்தாள். எடுக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

“அந்தத் துணி சாவுல பட்டதாச்சே அண்ணே?” என்று தணிகைமணி இழுத்தான்.

“தோச்சாச்சி இல்ல? அப்புறம் இன்னா?” என்றார் கௌரியம்மாள். வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். “துணிக்கு ஏது பங்காளி? தாராளமா ஏறலாம்.”

சற்றுப் பொறுத்து, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

“அவ சீட்டு இப்ப காலிதான?”

“ஆமா பெரிம்மா. உங்களுக்கு பாஸ்போர்ட் இருக்குதா?” என்றாள் கவிதா.

“எனக்கு எதுக்குடி அதெல்லாம்? சும்மா கேட்டேன்.” அவர் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். “அத எடுக்கணும்னா எங்க போவணும்?”

தணிகைமணி சிரித்துவிட்டான். கௌரியம்மாளும் சிரித்தார். கருமாதி வீடென்பதை நினைத்து இருவரும் உடனே நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்திய பிறகும் சிவப்பிரகாசத்தின் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

இவ்வாறு முடிவாயிற்று. தமயந்தி இருபத்தாறாம் தேதி குழுவோடு புறப்படுவாள். மணியம்மையின் இடத்துக்கு வேறு யாரையும் சேர்க்க வேண்டாம் என்று வள்ளிநாயகியிடம் சொல்லிவிட வேண்டும். குழு மலையூருக்குப் போகும் நாளில் தமயந்தி அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டு, அவர்கள் திரும்பும் வரை அங்கே உட்கார்ந்திருப்பாள். துணி மேலே போகும். வள்ளிநாயகி அதைத் தொட்டியில் முக்கி, நீலமாகும் வரை காற்றில் பிடித்திருந்து, கீழே கொண்டுவந்து கொடுப்பார். துணியை இரண்டாக வெட்டுவதில்லை. தமயந்தி ஊரில் இல்லாத நாள்களில் கௌரியம்மாள் இங்கே தங்கிச் சிவப்பிரகாசத்துக்குச் சமைத்துப் போடுவார். அவர் சமையலைப் பற்றிச் சிவப்பிரகாசம் எதுவும் சொல்லக் கூடாது.

பெட்டியில் வைப்பதற்காகத் துணியை மடித்தபோது, கிழிந்த ஓரம் பிசிறிக்கொண்டு வருவதைக் கவிதா பார்த்தாள். அத்தையின் டப்பாவிலிருந்து ஊசியையும் வெள்ளை நூலையும் எடுத்துவந்து, அதை மட்டும் மடித்துத் தைத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

அந்த ஓரத்திலிருந்து கிழிந்த துண்டுகள் மணியம்மையோடு போயிருந்தன. வேண்டாம் என்று முடிவாயிற்று.